கரைதலுக்கும் ஒரு கரை

நுழையும்முன்

வெந்நீரில் சர்க்கரை விரைந்து கரைகிறது என்பது வீட்டில் எவரும் அறிந்த செய்தி. அது ஏன் விரைந்து கரைகிறது, விரைந்து கரையும் பொருள் மிகுதியாகவும் கரையுமா என்னும் வினாக்கள் எழும்போது அன்றாடக் காட்சி அறிவியலாகிறது. உப்பளத்தின் வெண்குவியல், பனங்கற்கண்டின் படிகம், வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்குக் கொடுக்கப்படும் உப்பு சர்க்கரைக் கரைசல் ஆகிய மூன்றையும் இணைக்கும் இயற்கையின் ஒழுங்கை இவ்வுரைநடை விளக்குகிறது.

ஒரு சொல்லின் விரிவு

தமிழில் ‘கரை’ என்னும் சொல் பல பொருள்களைத் தாங்கி நிற்கிறது. காகம் கரைகிறது, அன்பினால் உள்ளம் கரைகிறது, நீரில் உப்புக் கரைகிறது. ஆற்றின் ஓரமும் கரை. ஒன்றன் எல்லையும் கரை. எல்லையற்றதைக் ‘கரைகாணாதது’ என்பது வழக்கு. நீரில் ஒரு திண்மம் கரைவதைக் கூர்ந்து நோக்கினால், இச்சொல்லின் இரு பொருள்கள் அங்கே ஒன்றுசேர்வதைக் காணலாம். எப்பொருளும் நீரில் எல்லையின்றிக் கரைவதில்லை. அது கரைவதற்கும் ஒரு கரை உண்டு.

கரையும் பொருளைக் கரைபொருள் என்றும், அதனை ஏற்கும் நீர்மத்தைக் கரைப்பான் என்றும், இரண்டும் கலந்த ஒருபடித்தான கலவையைக் கரைசல் என்றும் வேதியியல் வழங்குகிறது. குறிப்பிட்ட வெப்பநிலையில் இனி மேலும் கரைக்க இயலாது என்னும் நிலையை அடைந்த கரைசல், தெவிட்டிய கரைசல் எனப்படுகிறது. உண்டு நிறைந்த வயிறு அடுத்த கவளத்தை மறுப்பதைக் குறிக்கும் ‘தெவிட்டு’ என்னும் சொல் இங்கே கலைச்சொல்லாகப் பொருந்தியிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

நீருக்குள் நிகழ்வது

உப்புப் படிகத்தில் சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் வரிசை பிறழாமல் அடுக்கப்பட்டுள்ளன. முன்னவை நேர்மின்தன்மையும் பின்னவை எதிர்மின்தன்மையும் உடையவை. அவற்றின் ஈர்ப்பே படிகத்தைக் கட்டிக் காக்கிறது. நீர் மூலக்கூறும் மின்தன்மையில் ஒருசீரானதன்று. அதன் ஆக்சிஜன் பக்கம் சிறிதளவு எதிர்மின்தன்மையும் ஹைட்ரஜன் பக்கம் சிறிதளவு நேர்மின்தன்மையும் கொண்டுள்ளன. எனவே, படிகத்தின் விளிம்பில் உள்ள அயனிகளை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து, பற்றி, ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துச் செல்கின்றன. சர்க்கரையின் நிலை சற்று வேறானது. அங்கே அயனிகள் இல்லை. முழு மூலக்கூறுகளே ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. நீர் அப்பிடியைத் தளர்த்தித் தானே அவற்றோடு பிணைகிறது.

கரைதல் ஒருவழிப் பாதையன்று. படிகத்திலிருந்து துகள்கள் நீருக்குள் செல்லும் அதே நேரத்தில், நீரில் உலவும் துகள்களில் சில மீண்டும் படிகத்தில் வந்து படிகின்றன. தொடக்கத்தில் செல்பவை மிகுதி, திரும்புபவை குறைவு. நீரில் துகள்கள் பெருகப் பெருகத் திரும்புபவையும் பெருகும். செல்பவையும் திரும்புபவையும் சமமாகும் நிலையில், அடியில் எஞ்சிய திண்மம் அசைவற்றுக் கிடப்பதுபோல் தோன்றும். உண்மையில் அங்கே வரவும் செலவும் ஓயாமல் நிகழ்கின்றன. இதுவே தெவிட்டிய நிலை.

வெப்பம் செய்யும் வேலை

கரையும் விரைவை அளந்து விதியாகக் கூறியவர்கள் அமெரிக்க வேதியியலாளர்களான ஆர்தர் நாயஸ், வில்லிஸ் விட்னி ஆகிய இருவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய அவர்கள், நீரில் அரிதாகவே கரையும் பென்சாயிக் அமிலத்தையும் காரீய குளோரைடையும் கொண்டு ஆய்வு செய்து, 1897ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டனர். தெவிட்டும் நிலைக்கும் கரைசலின் அப்போதைய நிலைக்கும் உள்ள இடைவெளி எவ்வளவோ, அவ்வளவுக்குக் கரையும் விரைவும் அமையும் என்பதே அம்முடிவு. எல்லை தொலைவில் இருக்கும்போது கரைதல் விரைகிறது. எல்லையை நெருங்க நெருங்க அது தளர்கிறது.

இதன் காரணம் படிகத்தின் மேற்பரப்பில் உள்ளது. கரையும் படிகத்தைச் சுற்றி, ஏறத்தாழத் தெவிட்டிய நிலையில் உள்ள மெல்லிய நீர்ப்படலம் ஒன்று உருவாகிறது. பிரிந்த துகள்கள் இப்படலத்தைக் கடந்து வெளியே பரவினால்தான் அடுத்தடுத்த துகள்கள் பிரிய இடம் கிடைக்கும். கரண்டியால் கலக்கும்போது இப்படலம் மெலிகிறது. அதனால்தான் கலக்கிய சர்க்கரை விரைந்து கரைகிறது. பொடியாக்குவதும் இவ்வகையில் உதவுகிறது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரப் படிகத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனையே ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள 1000 சிறு கனசதுரங்களாகப் பகுத்தால், மொத்த மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டராகிவிடும். எடை மாறவில்லை, நீர் தொடும் பரப்போ பத்து மடங்காகிவிட்டது.

இனி வெப்பத்தின் பங்கு. நீரைச் சூடாக்கினால் மூலக்கூறுகள் விரைந்து இயங்கும். ஆயினும், 20 டிகிரி செல்சியசிலிருந்து 80 டிகிரிக்கு வெப்பநிலை உயரும்போது மூலக்கூறுகளின் சராசரி வேகம் ஏறத்தாழப் பத்து விழுக்காடே கூடுகிறது. சர்க்கரை கரையும் விரைவில் தெரியும் பெரும் வேறுபாட்டை இச்சிறு மாற்றம் மட்டும் விளக்கிவிடாது. வெப்பம் வேறு மூன்று வழிகளில் துணைபுரிகிறது.

முதலாவதாக, படிகத்தின் பிடியை உடைக்கப் போதிய ஆற்றல் பெற்ற மூலக்கூறுகளின் எண்ணிக்கை, சராசரி வேகம் கூடுவதைவிட மிகுதியாகப் பெருகுகிறது. இரண்டாவதாக, நீரின் பாகுத்தன்மை குறைகிறது. 80 டிகிரியில் அது 20 டிகிரியில் இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. நீர் இளகுவதால், பிரிந்த துகள்கள் படலத்தைக் கடந்து பரவும் விரைவு மூன்று மடங்குக்கும் மேலாகிறது. மூன்றாவதாக, சர்க்கரை போன்ற பொருள்களுக்குத் தெவிட்டும் எல்லையே வெப்பத்தால் விலகிச் செல்கிறது. எல்லை விலகினால் இடைவெளி பெருகும். இடைவெளி பெருகினால் விரைவும் பெருகும். இம்மூன்றும் ஒருங்கே நிகழ்வதால்தான் குளிர்நீரில் அடியில் தங்கிய சர்க்கரை வெந்நீரில் கண்முன்னே மறைகிறது.

விரைவு வேறு, அளவு வேறு

மேற்கண்ட முதல் இரண்டு வழிகளும் எப்பொருளுக்கும் பொதுவானவை. மூன்றாவது வழி அப்படிப்பட்டதன்று. இவ்விடத்தில்தான் பலர் தடுமாறுவர். ‘எவ்வளவு விரைவாகக் கரைகிறது’ என்பது ஒரு வினா. ‘எவ்வளவு கரைகிறது’ என்பது மற்றொரு வினா. பின்னதற்கு விடையாக அமைவது கரைதிறன். 100 கிராம் நீரில் கரையக்கூடிய பெரும அளவைப் பின்வருமாறு தோராயமாகக் குறிக்கலாம்.

சர்க்கரை: 20 டிகிரியில் 204 கிராம்; 100 டிகிரியில் 487 கிராம்.
வெடியுப்பு: 20 டிகிரியில் 32 கிராம், 100 டிகிரியில் 246 கிராம்.
சமையல் உப்பு: 20 டிகிரியில் 36 கிராம், 100 டிகிரியில் 39 கிராம்.

நீர் கொதிக்கும் நிலையை எட்டினாலும் சமையல் உப்பின் கரைதிறன் மூன்று கிராம் அளவிலேயே உயர்கிறது. ஆகவே, வெந்நீரில் உப்பு விரைந்து கரையும் என்பது உண்மை. மிகுதியாகக் கரையும் என்பது பெயரளவிலேயே உண்மை.

இவ்வேறுபாட்டின் காரணத்தைப் பிரெஞ்சு வேதியியலாளர் லீ சாட்லியர் 1884ஆம் ஆண்டு வகுத்த கோட்பாட்டைக் கொண்டு அறியலாம். சமநிலையில் உள்ள ஓர் அமைப்பின் மீது மாற்றம் ஒன்று திணிக்கப்படும்போது, அம்மாற்றத்தைத் தணிக்கும் திசையில் அமைப்பு நகரும் என்பது அக்கோட்பாடு. வெடியுப்பு நீரில் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது. அதனால் பாத்திரம் குளிர்கிறது. அத்தகைய கரைசலுக்கு வெப்பம் ஊட்டினால், ஊட்டிய வெப்பத்தை உறிஞ்சும் திசையில், அதாவது மேலும் கரையும் திசையில் அது நகரும். சமையல் உப்பு கரையும்போது உறிஞ்சும் வெப்பம் மிகக் குறைவு. எனவே, அதன் கரைதிறனும் ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது.

கரையும்போது வெப்பத்தை வெளிவிடும் பொருள்களும் உண்டு. நீற்றிய சுண்ணாம்பு அவற்றுள் ஒன்று. 0 டிகிரியில் 100 கிராம் நீரில் ஏறத்தாழ 0.19 கிராம் கரையும் அது, 100 டிகிரியில் அதில் பாதிக்கும் குறைவாகவே கரைகிறது. தெளிந்த தெவிட்டிய சுண்ணாம்பு நீரைச் சூடாக்கினால் அது கலங்குவதன் காரணம் இதுவே. ‘சூடேற்றினால் மிகுதியாகக் கரையும்’ என்னும் பொதுக்கூற்று, கைப்பிடிச் சுண்ணாம்பின் முன் தோற்றுவிடுகிறது.

உப்பளமும் வெடியுப்பும்

இவ்வறிவு ஏட்டில் எழுதப்படும் முன்பே உழைப்போர் கையில் இருந்தது. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் பாத்திகளில் தேக்கப்படும் உவர்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க எவரும் அதனைக் குளிரவைப்பதில்லை. குளிர்வித்தால் உப்புப் பிரியாது. அதன் எல்லை வெப்பநிலைக்கு ஏற்ப அசைவதில்லை. ஆகவே நீரையே குறைக்க வேண்டும். கதிரவனும் காற்றும் நீரை ஆவியாக்கிக் கொண்டுசெல்ல, எஞ்சிய நீர் தன் எல்லைக்கு மேல் உப்பைத் தாங்க இயலாமல் பாத்தியில் இறக்கிவைக்கிறது. கோடைவெயிலில் கண்கூசும் வெண்பரப்பில் நின்று உப்பு வாரும் தொழிலாளர்களின் உழைப்பு, இயற்கையின் இவ்வொழுங்கோடு இணைந்த உழைப்பு.

பீகாரில் இதற்கு மாறான வழி வழங்கியது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பாட்னாவைச் சுற்றிய பகுதி, வெடிமருந்தின் முதன்மைப் பொருளாகிய வெடியுப்புக்குப் பெயர்பெற்றிருந்தது. டச்சு, ஆங்கிலேய வணிகக் குழுமங்கள் அதற்காக அங்கே போட்டியிட்டன. அதனை எடுத்தவர்கள் நோனியா என்னும் தொழிற்சமூகத்தினர். ஊர்களின் பழைய மண்சுவர்களையும் மாட்டுத்தொழுவங்களையும் ஒட்டிய மண்ணில் வெடியுப்புப் பூக்கும். அம்மண்ணைத் திரட்டி நீரூற்றி வடித்தால் கிடைக்கும் நீரில் வெடியுப்போடு சமையல் உப்பும் கலந்திருக்கும். இரண்டும் வெண்ணிறத்தவை, இரண்டும் நீரில் கரைபவை. அவற்றைப் பிரிப்பது எவ்வாறு?

வடித்த நீரைக் காய்ச்சிச் சுண்டவைத்து, பின்னர்ப் பாத்திரங்களில் ஆறவிட்டனர். எடுத்துக்காட்டாக, 100 கிராம் கொதிநீரில் 200 கிராம் வெடியுப்பும் 30 கிராம் சமையல் உப்பும் கரைந்திருப்பதாகக் கொள்வோர், அது 20 டிகிரிக்கு ஆறும்போது நிகழ்வதைக் கணக்கிடலாம். வெடியுப்பின் எல்லை 32 கிராமாகச் சுருங்குவதால், ஏறத்தாழ 168 கிராம் வெடியுப்புப் படிகமாகப் பிரியும். சமையல் உப்போ தன் எல்லையாகிய 36 கிராமுக்குள் இருப்பதால் நீரிலேயே தங்கிவிடும். நெருப்பும் பொறுமையுமே இங்கே சல்லடையாயின.

பாகும் கற்கண்டும்

சர்க்கரையின் எல்லை வெப்பத்தால் பெரிதும் விரிகிறது என்பதைத் தமிழர் அடுக்களை நன்கறியும். கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று பாகின் நிலைகளைப் பெயரிட்டு அறிந்தவர்கள், நீர் வற்ற வற்றச் சர்க்கரையின் செறிவு கூடுவதை விரல்நுனியால் அளந்தவர்கள். சூடான பாகு ஆறும்போது, அதன் எல்லைக்கு மேற்பட்ட சர்க்கரையைச் சிறிது நேரம் தாங்கி நிற்கும். இந்நிலை மீதெவிட்டிய நிலை எனப்படும். இது நிலையற்றது. கரண்டியின் அசைவோ ஒரு சிறு மணியோ போதும், சர்க்கரை பொடிப்பொடியாகப் பிரியத் தொடங்கிவிடும். பாகில் சில துளி எலுமிச்சைச் சாறு சேர்ப்பது இதனைத் தடுக்கவே. அமிலம் சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் பிரிக்க, அவை படிகம் ஒழுங்காக அடுக்கப்படுவதற்கு இடையூறாகின்றன.

பனங்கற்கண்டு செய்வோர் இதே நிலையை நன்மைக்குத் திருப்பினர். பதநீரைக் காய்ச்சிய பாகைப் பானையில் ஊற்றி, உள்ளே நூல்களைத் தொங்கவிட்டு, அசைக்காமல் வாரக்கணக்கில் வைத்திருப்பர். மெல்ல ஆறும் பாகிலிருந்து சர்க்கரை நூலைப் பற்றி அடுக்கடுக்காக வளர்கிறது. விரைந்து குளிர்ந்தால் பொடி. பொறுத்துக் குளிர்ந்தால் கற்கண்டு.

உயிர் காத்த கரைசல்

1971ஆம் ஆண்டு கிழக்குப் பாகிஸ்தானில் நிகழ்ந்த போரினால் பெருந்திரளான மக்கள் மேற்கு வங்கத்திற்குள் ஏதிலிகளாக வந்தனர். எல்லையோர ஊரான பன்காவில் அமைந்த முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியே செலுத்தும் நீர்மம் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனாபிஸ், வாய்வழியே அருந்தும் கரைசலைக் கொடுக்க முடிவு செய்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்பது அதன் அளவு. கொல்கத்தாவில் பொட்டலமாக்கப்பட்ட பொடி முகாமுக்குக் கொண்டுவரப்பட்டு, குழாய் பொருத்திய கலங்களில் நீரோடு கலக்கப்பட்டது. நோயாளிகளின் உறவினர்களே அதனைப் பிடித்துப் புகட்டினர். முகாமில் சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு, இம்முறையில் மருத்துவம் பெற்றோரிடையே 3.6 விழுக்காடாகக் குறைந்தது.

இக்கரைசலைச் செய்ய அடுப்பின் சூடு தேவைப்படவில்லை. ஒரு லிட்டர் நீரில் 28 கிராம் பொடி என்பது தெவிட்டும் எல்லைக்கு மிகத் தொலைவில் உள்ள அளவு. எல்லை தொலைவில் இருந்தால் விரைவு குறையாது. நன்கு கலக்கினாலே போதும். மாறாக, கலந்தபின் கொதிக்கவைத்தால் தீமையே விளையும். சமையல் சோடா வெப்பத்தால் சிதைந்து கரியமில வாயுவை வெளிவிடும். நீர் ஆவியாவதால் உப்பின் செறிவும் கூடிவிடும். உடலுக்குப் பொருந்துமாறு அளந்த கரைசல் தன் அளவை இழந்துவிடும். சமையல் சோடாவின் இடத்தில் 1984ஆம் ஆண்டு முதல், அதனினும் கெடாது நிற்கும் சிட்ரேட் உப்பு ஏற்கப்பட்டது. இன்று உலகச் சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் பொடி, ஒரு லிட்டர் நீருக்கு 20.5 கிராம். நீரை முதலில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, பின்னர்ப் பொட்டலம் முழுவதையும் குறித்த அளவு நீரில் கரைக்க வேண்டும் என்னும் முறையின் உட்பொருள் இதுவே. சூடு கிருமியைக் கொல்ல வேண்டும். கரைசலைக் கெடுக்கக் கூடாது.

எல்லை அறிதல்

வெப்பம் கரைதலை விரைவுபடுத்துகிறது என்பது ஒரு வாக்கியத்தில் அடங்கும் செய்தி. அவ்விரைவு எவ்வழியில் வருகிறது, எல்லை எங்கே நிற்கிறது, அது எப்பொருளுக்கு விலகும், எதற்கு அசையாது, எதற்குச் சுருங்கும் என்று பகுத்து அறிவதே அறிவியல் நோக்கு. உப்பளத் தொழிலாளி கதிரவனை நாடியதும், நோனியா மக்கள் கொதித்த நீரை ஆறவிட்டதும், கற்கண்டு செய்வோர் பானையை அசைக்காதிருந்ததும், மருத்துவர் அடுப்பின்றியே கரைசல் கலந்ததும் தத்தம் பொருளின் இயல்பை அறிந்து செய்த செயல்கள். விரைவுக்கு உரிய வினாவையும் அளவுக்கு உரிய வினாவையும் குழப்பாமல் எழுப்பத் தெரிந்தவருக்கு, ஒரு குவளை நீரே ஆய்வுக்கூடமாகும்.

தெரிந்து தெளிவோம்

வினைத்தொகை – கரைபொருள், கரைதிறன்
எதிர்மறைப் பெயரெச்சம் – தெவிட்டாத கரைசல்
எண்ணும்மை – காற்றும் கதிரவனும்
வெந்நீர் = வெம்மை + நீர்; ‘ஈறுபோதல்’ என்னும் விதிப்படி வெம் + நீர்; ‘முன்னின்ற மெய்திரிதல்’ என்னும் விதிப்படி வெந்நீர் எனப் புணர்ந்தது.

கற்பவை கற்றபின்

1. ஒரே அளவுள்ள மூன்று குவளைகளில் குளிர்நீர், சாதாரண நீர், வெதுவெதுப்பான நீர் ஆகியவற்றைச் சம அளவில் எடுத்து, ஒத்த எடையுள்ள கற்கண்டுத் துண்டுகளை இட்டு, கலக்காமல் கரையும் நேரத்தைக் குறித்து அட்டவணைப்படுத்துக. கலக்காமை, சம எடை, சம நீர் ஆகியவை ஏன் இன்றியமையாதவை என்பதை விளக்குக.

2. ‘உப்பு வெந்நீரில் விரைந்து கரையும், ஆயினும் மிகுதியாகக் கரையாது’ – இக்கூற்றைப் பாடப்பகுதிவழி நிறுவுக.

3. உப்பளத்தில் உப்பைப் பெறும் முறையையும் வெடியுப்பைப் பிரித்த முறையையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.

4. உங்கள் பகுதியில் பாகின் பதங்களைக் குறிக்க வழங்கும் சொற்களைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.